கைப்பிடி இல்லாத படிக்கட்டுகள்

கட்டட வரைபடம் போட்டுக் கொடுக்கும் ஓர் அலுவலகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. மூன்று மாடி வீடு ஒன்றுக்குப் படிக்கட்டு செக்‌ஷன் வரைந்து அனுப்பியிருந்தேன். படியின் உயரமான ரைசர் ஆறங்குலம், கால் வைக்கும் அகலமான ட்ரெட் பத்தங்குலம், எல்லாம் கணக்காகத்தான் இருந்தது. ஆனால் சைட்டிலிருந்து திரும்பி வந்த பிரிண்ட்டில் படிக்கட்டைச் சுற்றிச் சிவப்புப் பேனாவில் பெரிய வட்டம். பக்கத்திலேயே, "தம்பி, இதுல யாரு விழணும்?" என்று சைட் இன்ஜினியர் எழுதியிருந்தார். கைப்பிடி போட மறந்திருந்தேன்.

அந்த வேலையை விட்டுப் பல வருஷமாகிவிட்டது. இன்றும் எங்கே படிக்கட்டைப் பார்த்தாலும் என் கண் முதலில் கைப்பிடியைத்தான் தேடும். அதனால்தானோ என்னவோ, சுதோமு நிஹெயின் ‘ப்ளேம்!’ என்ற மங்காவை, அதாவது ஜப்பானியக் காமிக்ஸை, முதல்முறை புரட்டியபோது எனக்குக் கதையும் தெரியவில்லை, நாயகனும் தெரியவில்லை. படிக்கட்டுகள்தான் தெரிந்தன. அடி தெரியாத கிணறு போல இறங்கும் கான்கிரீட் சுவர். அந்தச் சுவரை ஒட்டி ஓர் ஆள் அகலத்துக்குப் படி. அதில் கறுப்பு உடுப்புப் போட்ட ஒருவன் எறும்பு சைஸில் நடந்துகொண்டிருக்கிறான். கைப்பிடி கிடையாது. அடுத்த பக்கத்தில் அதே ஆள், இன்னொரு படிக்கட்டு. அதிலும் கிடையாது.

அன்றைக்குப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். இரண்டு வருஷம் கழித்துத்தான் மறுபடி எடுத்தேன். அப்போது விட முடியவில்லை.

நிஹெய் 1971இல் ஃபுகுஷிமா மாகாணத்துக் கொரியாமா நகரில் பிறந்தவர். மங்காவுக்கு வருவதற்கு முன் கட்டுமானத் துறையில் வேலை பார்த்தவர், கொஞ்ச காலம் நியூயார்க்கிலும் இருந்தவர். 1995இல் கோடன்ஷா பதிப்பகத்தின் ‘ஆஃப்டர்நூன்’ மாத இதழ் புதியவர்களுக்காக நடத்தும் போட்டியில், ‘ப்ளேம்’ என்ற சிறு மங்காவுக்காக ஜிரோ தனிகுச்சி சிறப்புப் பரிசு வாங்கினார். இந்தத் தனிகுச்சி யாரென்றால், ஒரு மனிதர் தன் ஊரில் சும்மா நடந்து போவதை மட்டுமே வைத்து ஒரு மங்கா முழுக்க வரைந்தவர். நாய், மழை, மரம், பக்கத்து வீட்டுச் சுவர், அவ்வளவுதான் கதை. நிஹெயின் நாயகனுக்கும் நடப்பதைத் தவிரப் பெரிய வேலை இல்லை. தனிகுச்சியின் ஆள் காற்று வாங்க நடக்கிறார், நிஹெயின் ஆளுக்கு வாங்கக் காற்றே கிடையாது. அப்படி ஒருவர் பெயரிலான பரிசு இப்படி ஒருவருக்குக் கிடைத்ததை நினைத்தால் எனக்கு எப்போதும் சிரிப்பும் சந்தோஷமும் சேர்ந்தே வரும்.

அப்புறம் சுதோமு தகாஹாஷி என்ற மங்கா கலைஞரிடம் உதவியாளராகச் சேர்ந்தார் (இருவருக்கும் ஒரே பெயர் என்பது தற்செயல்). ஜப்பானில் மங்கா என்பது பெரும்பாலும் பட்டறை வேலை. குருவானவர் முகங்களையும் ஆட்களையும் வரைவார். பின்னணிக் கட்டடங்களை வரைவது, கறுப்பு நிரப்புவது, நிழலுக்காகப் புள்ளிகள் அச்சிட்ட தாளை வெட்டி ஒட்டுவது எல்லாம் உதவியாளர் தலையில் விழும். இதைத் தெரிந்துகொண்டபின் ‘ப்ளேம்!’ எனக்கு வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. உதவியாளர் வரையும் பின்னணி இருக்கிறதே, அது நடந்து முன்னால் வந்து நாயகனின் இடத்தில் உட்கார்ந்துகொண்ட மங்கா அது. மனிதர்கள் ஓரமாக ஒதுங்கி நிற்கிறார்கள்.

1997இல் ‘ஆஃப்டர்நூன்’ இதழில் தொடராக ஆரம்பித்து 2003இல் முடிந்தது. மொத்தம் பத்துத் தொகுதிகள். கதையை ஒரு வரியில் சொல்லிவிடலாம். முடிவே இல்லாத ஒரு நகரத்துக்குள், நோய் தொற்றாத ‘நெட் டெர்மினல் ஜீன்’ உள்ள மனிதர் யாராவது மிச்சமிருக்கிறாரா என்று ஒருவன் தேடி நடக்கிறான். அவன் பெயர் கில்லி. நமக்கு அந்தப் பெயர் வேறு எதையெதையோ ஞாபகப்படுத்தும். ஜப்பானிய உச்சரிப்பு கிட்டத்தட்ட ‘கிரீ’ என்றுதான் வரும். நான் கில்லி என்றே சொல்லிப் பழகிவிட்டேன்.

நகரம் ஏன் முடிவில்லாமல் போனது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஒரு காலத்தில் மனிதர்கள் அந்த மரபணு மூலமாக ‘நெட்ஸ்பியர்’ என்ற வலையோடு இணைந்து, அதன் வழியே நகரத்துக்குக் கட்டளையிட்டார்கள். ஏதோ தொற்று பரவி மரபணு அழிந்தது, இணைப்பும் போனது. கட்டும் இயந்திரங்களுக்கு ‘நிறுத்து’ என்று சொல்ல ஆளில்லை. அவை பாட்டுக்குக் கட்டிக்கொண்டே போகின்றன. இன்னொரு பக்கம் ‘சேஃப்கார்டு’ என்ற காவல் அமைப்பு, மரபணு இல்லாத யாரைப் பார்த்தாலும் அத்துமீறி நுழைந்தவர் என்று கொல்கிறது. விரல்ரேகை பதியாத ஊழியரை வாசலிலேயே வெட்டிப் போடும் அலுவலகத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். காவலில் தப்பொன்றும் இல்லை, அது விதிப்படிதான் நடக்கிறது. விதியை மாற்ற அதிகாரமுள்ளவர்தான் ஒருவரும் உயிரோடு இல்லை.

இந்தக் கதையைக் கட்டட வேலை பார்த்த ஒருவரால்தான் யோசித்திருக்க முடியும் என்று எனக்குத் தோன்றும். வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் கட்டடம் என்றால் முடிந்து வெள்ளையடித்து நிற்கும் பொருள். சைட்டில் நின்றவருக்கு அப்படி இல்லை. நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி, எங்கே போய்ச் சேரும் என்று தெரியாத குழாய், தற்காலிகம் என்று சொல்லி வைத்து நிரந்தரமாகிவிட்ட பலகைப் பாலம், எதற்காக விட்டார்கள் என்று யாருக்கும் ஞாபகம் இல்லாத ஓட்டை. அவர் கண்ணுக்குக் கட்டடம் என்பது முடியாத வேலை. நிஹெயின் நகரத்தில் எந்தச் சுவரும் முடிந்த சுவராகத் தெரியாது. பாலம் பாதியில் நிற்கும். கதவைத் திறந்தால் அந்தப் பக்கம் பாதாளம். இயந்திரங்களுக்குக் கட்டத் தெரியும், குடியிருக்கத் தெரியாது. கைப்பிடி வைக்க வேண்டுமென்றால் விழக்கூடிய ஓர் ஆளை முதலில் நினைத்துப் பார்க்க வேண்டும் இல்லையா?

அளவு விஷயத்திலும் அவர் செய்கிற ஒரு வேலை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஓரிடத்தில் கதை கோள வடிவமான ஒரு மாபெரும் வெற்றிடத்துக்கு வந்து சேர்கிறது. அதன் அளவு வியாழன் கோளின் விட்டத்தோடு, அதாவது ஏறக்குறைய 1,43,000 கிலோமீட்டரோடு பொருந்துகிறது. அதாவது அங்கே வியாழன் இருந்தது, அதைச் செங்கல் செங்கலாகப் பெயர்த்து நகரம் கட்டிவிட்டார்கள், இடம் மட்டும் காலியாகக் கிடக்கிறது. இதை எந்தப் பாத்திரமும் நின்று விளக்குவதில்லை. அவர்களுக்கு வியாழன் என்று ஒன்று இருந்ததே தெரியாது. படிக்கிற நமக்குத்தான் வயிற்றில் ஏதோ நழுவுகிறது.

இனி சத்தத்துக்கு வருகிறேன். ‘ப்ளேம்!’ என்பதை ஆங்கில எழுத்தில் பார்த்தால் பழி சுமத்துவது என்றுதான் பொருள்படும். ஜப்பானிய எழுத்தில் அதை ‘புராமு’ என்று எழுதுகிறார்கள், அதாவது ‘ப்ளாம்!’ துப்பாக்கி வெடிக்கிற சத்தம். 2001இல் வந்த முன்கதைத் தொகுதிக்கு ‘நாய்ஸ்’ என்று பெயர், இரைச்சல். 2003இல் அமெரிக்க மார்வெல் நிறுவனத்துக்காக வுல்வரின் என்ற காமிக்ஸ் நாயகனை வைத்து ஐந்து இதழ்கள் வரைந்தார். அதன் பெயர் ‘ஸ்னிக்ட்!’, வுல்வரினின் நகங்கள் வெளியே வரும் சத்தம். பேசாத மங்கா போடுகிற மனிதர் வரிசையாக மூன்று புத்தகத்துக்குச் சத்தத்தையே பெயராக வைத்திருக்கிறார்! 2006இல் ‘ஹேலோ’ வீடியோ விளையாட்டின் உலகத்தை வைத்து வந்த காமிக்ஸ் தொகுப்பில் இவர் செய்த கதையில் ஒரு வசனம்கூட இல்லை என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

கில்லியின் துப்பாக்கியைப் பற்றிச் சொல்லாமல் இந்தச் சத்தத்தை விளக்க முடியாது. ஈர்ப்புவிசைக் கதிர் வீசும் அந்த ஆயுதம் பார்க்க ஒரு சின்னக் கைத்துப்பாக்கி. அவன் சுடும் பக்கங்களை நிதானமாகப் பாருங்கள். முதல் படக்கட்டத்தில் கை நீள்கிறது. அடுத்ததில் மெல்லிய ஒரு கோடு, ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி, பக்கத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகிறது. அந்தக் கட்டத்தில் இன்னும் எதுவும் உடைந்திருக்காது. பக்கத்தைத் திருப்பினால்தான் எதிரியும், எதிரிக்குப் பின்னால் இருந்த சுவரும், சுவருக்குப் பின்னால் இருந்த ஊரும் வட்டமாகத் துளைபட்டு நிற்கும். சுட்ட அதிர்ச்சியில் கில்லி பின்னால் தூக்கி எறியப்பட்டுக் கிடப்பான். கோட்டுக்கும் துளைக்கும் நடுவில், பக்கம் திருப்பும் அந்த ஒரு நொடியில் நம் காதுக்குள் கேட்பதுதான் ‘ப்ளாம்’. அவர் அதை வரையவில்லை, நம் விரலைக் கொண்டு வெடிக்க வைக்கிறார்.

இவ்வளவு புகழ்ந்துவிட்டேன், குறையையும் சொல்லிவிடுகிறேன். நெருங்கி மோதும் சண்டைகளில் யார் யாரை வெட்டினார்கள் என்பது பல சமயம் புரியாது. கறுப்புக்குள் கறுப்பு பாயும், கை ஒன்று பறக்கும், அது எவருடையது என்று கண்டுபிடிக்க இரண்டு பக்கம் பின்னால் போக வேண்டும். முதல் தொகுதிகளில் கில்லியின் முகமே கட்டத்துக்குக் கட்டம் மாறும். கதையும் அப்படித்தான், யார் எந்தக் கட்சி என்பது மூன்றாம் முறை படிக்கும்போதுதான் எனக்குப் பிடிபட்டது. சிபோ என்ற விஞ்ஞானி கில்லியோடு சேர்ந்து நடக்கிறாள். அவள் உடம்பை மாற்றிக்கொண்டே இருப்பதால் ‘இவள் அவள்தானா’ என்ற சந்தேகம் வேறு.

ஆனால் இந்த வெறுமைக்குள் திடீரென்று ஒரு ஜோடி வரும். மென்சாப், சேயு. தோஹா ஹெவி இண்டஸ்ட்ரீஸ் என்ற பழைய நிறுவனத்தின் குகையை நிர்வகிக்கும் செயற்கை அறிவுதான் மென்சாப், பெண் உருவம். அவளைக் காக்கும் வாள்வீரன் சேயு சாதாரண மனிதன். அவன் அடிபட்டுச் சாகும்போதெல்லாம் அவள் அவனைத் திரும்ப உருவாக்குகிறாள். ஒவ்வொரு தடவையும் உடம்பு முழுசாக வருகிறது, நினைவு கொஞ்சம் கழன்றுபோய்விடுகிறது. அவளும் அவனை விடுவதில்லை, அவனும் வாளைக் கீழே வைப்பதில்லை. பத்துத் தொகுதியில் இவர்களுக்குக் கிடைப்பது கொஞ்சம் பக்கங்கள்தான். நிஹெய்க்கு மனிதர்களை எழுதத் தெரியாது என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கங்களைத்தான் நான் நீட்டுவேன்.

அந்த நிறுவனத்தின் பெயர் அதோடு முடியவில்லை. நிஹெயின் பல புத்தகங்களில் அது திரும்பத் திரும்ப வருகிறது. ஒரே உலகமா என்றால் கறாராகச் சொல்ல முடியாது. ஒரே சிமெண்ட் கம்பெனியின் முத்திரையை ஊரெங்கும் மூட்டைகளில் பார்ப்பது போல ஒரு பரிச்சயம், அவ்வளவுதான்.

நடுவில் வந்தவற்றை வேகமாகத் தாண்டிவிடுகிறேன். ‘பயோமெகா’ 2004இல் ஆரம்பித்தது, ஆறு தொகுதி. கோடன்ஷாவின் இதழில் தொடங்கிப் பிறகு ஷுயெய்ஷாவின் ‘அல்ட்ரா ஜம்ப்’ இதழுக்கு இடம் மாறியது. தோஹாவின் செயற்கை மனிதன் பைக்கில் பறக்கிறான், உலகம் வைரஸில் அழிகிறது, துப்பாக்கி தூக்கிய கரடி ஒன்று பேசுகிறது. முதல் பாதியின் வேகம் அபாரம். பின்பாதியில் கதை வேறெங்கோ ஓடிவிடுகிறது, எனக்கு அதில் ஒட்டவில்லை. ‘அபாரா’ இரண்டே தொகுதி. பெயருக்கு விலா எலும்பு என்று பொருள், படங்களும் அப்படித்தான், எலும்பாகவே இருக்கும். சுவிஸ் ஓவியர் கிகரின் நிழல் இவர்மேல் விழுந்திருப்பதை அதில் நன்றாகப் பார்க்கலாம்.

பிறகு 2009இல் ‘ஆஃப்டர்நூன்’ இதழுக்கே திரும்பி வந்து ‘நைட்ஸ் ஆஃப் சிடோனியா’வைத் தொடங்கினார். 2015இல் பதினைந்தாம் தொகுதியோடு முடிந்தது. அதே வருஷம் கோடன்ஷா மங்கா விருதும் கிடைத்தது. 2014இல் பாலிகன் பிக்சர்ஸ் அதை முப்பரிமாண அனிமேஷன் தொடராக்க, நெட்ஃப்ளிக்ஸ் வழியாக உலகம் முழுக்கப் போனது. நிஹெயின் பெயர் காமிக்ஸ் பைத்தியங்களைத் தாண்டி வெளியே தெரிந்தது அப்போதுதான்.

பழைய வாசகர்களில் பாதிப் பேர் இங்கேதான் முகத்தைச் சுளித்தார்கள். கறுப்பு குறைந்துவிட்டது, கோடு மெலிந்துவிட்டது, பெண்களின் முகங்கள் அழகாகிவிட்டன, போதாக்குறைக்குக் காதல், நகைச்சுவை. ‘விலைபோய்விட்டார்’ என்ற வார்த்தையை நானும் கேட்டிருக்கிறேன். ஒரு தொகுதி வரை நானும் அந்தப் பக்கம்தான் நின்றேன்.

என்னைக் கட்சி மாற வைத்தது ஒரு கைப்பிடி.

பூமியை கௌனா என்ற வேற்றுயிர்கள் அழித்துவிட்டன. தப்பித்தவர்கள் சிடோனியா என்ற பெரிய விண்கலத்தில் தலைமுறை தலைமுறையாகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். கலத்தின் அடியாழத்தில் தாத்தாவோடு யாருக்கும் தெரியாமல் வளர்ந்த நகாதே தனிகாஸே என்ற பையன், தாத்தா இறந்தபின் அரிசி திருட மேலே ஏறி வந்து மாட்டிக்கொள்கிறான். மேலே இருப்பவர்கள் ஒளிச்சேர்க்கை செய்யும்படி மாற்றப்பட்டவர்கள், வாரத்துக்கு ஒரு தடவை சாப்பிட்டால் போதும். இவனுக்கோ மூன்று வேளையும் பசிக்கும். உயிர்காக்கும் போர்வீரனை முதலில் பசித்த அரிசித் திருடனாக அறிமுகம் செய்ய ஒரு மனசு வேண்டும்.

சிடோனியாவின் குடியிருப்பைப் பாருங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வீடுகள், சந்து, கடைப் பலகை, மாடிக்கு மாடி படிகள். ‘ப்ளேம்!’ நகரத்தின் அதே செங்குத்துப் பள்ளம்தான், ஆனால் அதில் ஆட்கள் துணி காயப்போட்டுக் குடியிருக்கிறார்கள். எங்கு பார்த்தாலும் பிடிகம்பிகள். ஒவ்வொருவர் இடுப்பிலும் ஒரு பெல்ட், அதிலிருந்து கம்பியில் மாட்டிக்கொள்ளக் கொக்கி. ஏனென்றால் கலம் எதிரியிடமிருந்து தப்பச் சட்டென்று திசை திரும்பினால் உள்ளே இருப்பவர்களுக்குத் தரை சுவராகிவிடும். எச்சரிக்கை ஒலித்ததும் கொக்கியை மாட்டியவன் பிழைப்பான். ஒரு சந்தர்ப்பத்தில் அப்படித் திரும்பித்தான் ஆக வேண்டும் என்று தலைவி முடிவெடுக்கிறாள். தெரு முழுவதும் சரிகிறது. மாட்ட முடியாதவர்கள் விழுகிறார்கள், அவர்கள் மேல் வீடுகள் விழுகின்றன. எதிரி தொடாமலே ஊரில் பலர் சாகிறார்கள்.

அந்தப் பக்கங்களைப் படித்துவிட்டுப் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தேன். ‘ப்ளேம்!’ வரைந்தபோது இவருக்கு விழுவதற்கு ஆள் இல்லை. இப்போது ஆட்களைக் குடியேற்றியிருக்கிறார். குடியேற்றியதும் செய்த முதல் காரியம் அவர்களுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி போட்டதுதான். அந்தக் கம்பி போதாமல் போகும் நாளையும் அவரேதான் வரைகிறார். கோடு மெலிந்தால் என்ன, கறுப்பு குறைந்தால் என்ன? ஆட்களின் முகம் தெரிய வேண்டுமென்றால் கொஞ்சம் வெளிச்சம் போட்டுத்தானே ஆக வேண்டும்.

பின்பாதியில் பாதி மனிதர், பாதி கௌனாவாக உருவாக்கப்பட்ட ட்சுமுகி என்ற மாபெரும் உயிர் வருகிறது. உடம்பு ஒரு கட்டடம் அளவு, மனசு சிறுமியுடையது. நகாதேயின் வீட்டுக்கு அவளால் வர முடியாது, அதனால் தன் உடம்பிலிருந்து ஒரு நீண்ட இழையை மட்டும் குழாய் வழியாக அனுப்பி வீட்டுக்குள் நுழைகிறாள். குழாய்! பழைய நகரத்தில் எங்கே போகிறது என்றே தெரியாமல் ஓடிக்கொண்டிருந்த அதே குழாய்களில் ஒன்று கடைசியில் ஒரு வீட்டில் போய் முடிகிறது. நகாதே காதலிப்பதும் அவளைத்தான். கேலிக்கூத்தாகப் போயிருக்க வேண்டிய விஷயம், ஏனோ போகவில்லை.

2017இல் ‘ப்ளேம்!’ திரைப்படமாக வந்தது. அதே பாலிகன், இயக்கம் ஹிரோயுகி செஷிடா. மங்காவின் ஒரு சிறு கிராமத்துப் பகுதியை எடுத்து அந்த மக்களை நடுவில் வைத்து, கில்லியை வழிப்போக்கனாக்கியிருந்தார்கள். நல்ல படம்தான். ஆனால் பக்கம் திருப்பும் அந்த ஒரு நொடி படத்தில் கிடைக்காது, சத்தத்தை அவர்களே போட்டுவிடுகிறார்கள். அதே ஆண்டு தொடங்கிய ‘அப்போசிம்ஸ்’ 2021 வரை ஒன்பது தொகுதி ஓடியது. பக்கமெல்லாம் வெள்ளை, பனியில் வரைந்தது போல இருக்கும். கண்ணுக்குக் குளிர்ச்சி, மனதில் பெரிதாக நிற்கவில்லை. ‘கைனா’வில் கதை மட்டும் இவருடையது, படம் இதோயே தாகெமோதோ. 2023இல் தொடங்கிய ‘டவர் டஞ்சன்’ வாளும் மந்திரமும் கொண்ட கதை, இளவரசியைத் தூக்கிப்போய் ஒரு கோபுரத்தில் வைத்துவிடுகிறார்கள். யுவா என்ற கிராமத்துப் பையன் வீரர்களோடு சேர்ந்து மாடி மாடியாக ஏறுகிறான். எந்திரத் துப்பாக்கிகளையும் விண்கலங்களையும் மூட்டை கட்டி வைத்தவர் படிக்கட்டை மட்டும் விடவில்லை பாருங்கள்.

‘ப்ளேம்!’ ஆங்கிலத்தில் பெரிய அளவு தாளில் ஆறு தொகுதிகளாக மறுபதிப்பு வந்திருக்கிறது. படிப்பதானால் அதில் படியுங்கள், சின்னத் திரையில் இந்தப் படங்களைப் பார்ப்பது பாவம். போன மாதம் முதல் தொகுதியை எடுத்துக்கொண்டு அந்தப் பழைய சைட் இன்ஜினியரைப் பார்க்கப் போயிருந்தேன். ஓய்வு பெற்றுவிட்டார், கண்ணாடி தடித்துவிட்டது. வலமிருந்து இடமாகப் புரட்ட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். கதையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஒரு பக்கத்தில் நின்றுவிட்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு புத்தகத்தை மூக்குக்கு அருகில் கொண்டுபோனார்.

"இந்த உயரத்துல சாரமே காணோமே. எப்படிப்பா கட்டினாங்க?"

"மிஷின் சார். அதுபாட்டுக்குக் கட்டும்."

"சரி. இதுக்கு மேல என்ன வருது?"

"இன்னொரு மாடி, சார்."

"அதுக்கு மேல?"

"இன்னொரு மாடிதான்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சட்டைப் பையைத் தடவினார். பழைய வழக்கம், பேனா தேடுகிறார் என்று புரிந்ததும் புத்தகத்தை மெதுவாக என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.